போர்ச்சுகல் சினிமாவின் ஆரம்பகால நடிகர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

ஒரே ஒருவர் என்றால் நான் அந்தோனியு சில்வாவைத்தான் சொல்வேன். 1930, 40களின் போர்ச்சுகீசிய நகைச்சுவைப் படங்களைப் பற்றிப் பேசும்போது முதலில் வாஸ்கு சந்தானாவின் பெயரும் பெயாத்ரிஸ் கோஸ்தாவின் பெயரும்தான் வரும். அவர்கள் இருவரும் பெரிய நட்சத்திரங்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க, காட்சியைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் சில்வாதான் என்று எனக்குப் படுகிறது.

1886 ஆகஸ்ட் 15 அன்று லிஸ்பனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கடைச் சிப்பந்தி வேலைக்குப் போனார். வேலை நேரம் போக, அமெச்சூர் நாடகக் குழுக்களில் நடித்தார். 1910இல், மன்னராட்சி வீழ்ந்து குடியரசு பிறந்த அதே ஆண்டில், ருவா துஷ் கோந்திஷ் அரங்கில் தொழில்முறை நடிகராக முதன்முதலாக மேடை ஏறினார். நாடகம் 'மான்டி கிறிஸ்டோ பிரபு'. மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு நாடகக் கம்பெனியோடு பிரேசிலுக்குக் கப்பலேறினார். அந்தக் காலத்துப் போர்ச்சுகீசிய நடிகர்களுக்கு பிரேசில் பெரிய சந்தை. மொழி ஒன்று, ஊர்கள் பெரியவை, ரசிகர்களும் அதிகம். முதல் உலகப்போர் நடந்த காலம் முழுக்க அங்கேதான் இருந்தார். ஜொசெஃபினா என்ற நடிகையை 1920இல் மணந்ததும் அங்கேதான். 1921இல் லிஸ்பனுக்குத் திரும்பினார்.

அந்த பிரேசில் ஆண்டுகளை வாழ்க்கைக் குறிப்புகள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அவருடைய நடிப்பு பக்குவப்பட்டது அங்கேதான் என்பது என் எண்ணம். அங்கே அவர் பெரும்பாலும் நடித்தவை 'ரெவிஷ்தா' வகை மேடை நிகழ்ச்சிகளும் இலகுவான நகைச்சுவை நாடகங்களும். ரெவிஷ்தா என்பது பாட்டு, ஆட்டம், குட்டிக் குட்டி நகைச்சுவைக் காட்சிகள், அன்றாட அரசியல் மேல் ஒரு குத்து எல்லாம் கலந்த மேடைக் கதம்பம். ஒரே இரவில் ஒரு நடிகர் பல வேடம் கட்ட வேண்டும். ஒவ்வொரு வேடத்துக்கும் சில நிமிடம்தான் கிடைக்கும். பார்வையாளர் அடையாளம் கண்டுகொள்ள நடை, குரல், தொப்பியை வைக்கும் கோணம் என்று ஏதோ ஒன்று சட்டென்று கைகொடுக்க வேண்டும். லிஸ்பனிலும் இந்தக் கலை கொடிகட்டிப் பறந்தது. 1922இல் திறக்கப்பட்ட பார்க் மயேர் என்ற அரங்க வளாகம் அதன் தலைமையகம் மாதிரி. பின்னாளில் போர்ச்சுகல் சினிமாவுக்கு வந்த நகைச்சுவை நடிகர்களில் பெரும்பாலோர் இந்த மேடையில் தேறி வந்தவர்கள்தான்.

சரி, சினிமாவுக்கு வருவோம். போர்ச்சுகலில் 1896இலேயே படம் எடுத்துவிட்டார்கள். போர்ட்டோ நகரத்து அவுரேலியு பாஸ் துஷ் ரைஷ், ஒரு தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வரும் காட்சியைப் படமாக்கினார். மௌனப்பட காலத்தில் போர்ட்டோவில் இன்விக்தா ஃபில்ம் என்ற நிறுவனம் நாவல்களை எல்லாம் படமாக எடுத்தது. 1931இல் வந்த முதல் போர்ச்சுகீசியப் பேசும்படத்துக்கு ஒலி சேர்க்க பாரிஸ் வரை போக வேண்டியிருந்தது. பிறகு 1932இல் லிஸ்பனில் தோபிஷ் போர்ச்சுகேசா நிறுவனம் தொடங்கி, லுமியார் பகுதியில் ஸ்டுடியோ அமைத்தது. அடுத்த ஆண்டு, முழுக்க முழுக்க உள்ளூரிலேயே தயாரான முதல் பேசும்படம் வந்தது: 'அ கன்சாவ் தி லிஷ்போவா', அதாவது லிஸ்பனின் பாட்டு. இயக்கியவர் கொத்தினெல்லி தெல்மு. அடிப்படையில் அவர் ஒரு கட்டடக் கலைஞர். 1940இல் லிஸ்பனில் நடந்த போர்ச்சுகீசிய உலகக் கண்காட்சியின் தலைமைக் கட்டடக் கலைஞரும் இவர்தான்.

படத்தின் கதை எளிமையானது. வாஸ்கு என்ற மருத்துவ மாணவன் (வாஸ்கு சந்தானா), ஊரிலிருந்து பணக்கார அத்தைகள் அனுப்பும் பணத்தில் கும்மாளமாகத் திரிகிறான். அவன் ஏற்கெனவே டாக்டர் ஆகிவிட்டான் என்று அத்தைகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இறுதித் தேர்வில் தோற்ற அன்றைக்கே, லிஸ்பனைப் பார்க்க வருகிறோம் என்று அவர்களிடமிருந்து கடிதம் வருகிறது. அவன் காதலிக்கும் தையல் வேலைக்காரப் பெண் ஆலிஸ்தான் பெயாத்ரிஸ் கோஸ்தா. ஆலிஸின் அப்பா, தையல்காரர் கயத்தானு, நம் அந்தோனியு சில்வா. வருங்கால மாப்பிள்ளை எங்கெங்கே கடன் வைத்திருக்கிறான் என்பது அவருக்கு அத்துப்படி. (இந்தப் படத்தில் நாயகனின் நண்பனாக ஒரு மெலிந்த இளைஞர் வருவார். அவர் மனுவேல் தி ஒலிவைரா. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இயக்குநராகி, 100 வயதைத் தாண்டியும் படம் எடுத்தவர்.)

இந்தப் படம் வந்தபோது சில்வாவுக்கு 47 வயது. இருபது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் உழைத்த பிறகு கிடைத்த இடம் இது. மௌனப்படம் அவருக்கு ஏற்ற ஊடகமே இல்லை, ஏனென்றால் அவருடைய முதல் ஆயுதம் குரல். பெரிய வாக்கியத்தை மிடுக்காகத் தொடங்குவார், நடுவில் வேகம் கூடும், கடைசியில் மூச்சு முட்ட வந்து நிற்கும். நான் போர்ச்சுகீசிய மொழி கற்கத் தொடங்கிய நாட்களில் இந்தப் படங்களைப் பார்க்கும்படி என் ஆசிரியை சொன்னார். மற்றவர்கள் பேசுவதில் பாதியை விழுங்கிவிடுவது போல எனக்குத் தோன்றும். சில்வா எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒவ்வோர் அசையும் காதில் விழுந்தது. ஒலிபெருக்கி இல்லாத அரங்குகளில் கடைசி வரிசைவரை கேட்கும்படி பேசிப் பழகிய நாக்கு அது.

அவருடைய வேடங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். 1933இல் தையல்காரர். 1935இல் லைதாவ் தி பாருஷ் இயக்கிய படத்தில் கிராமத்துக் கடைக்காரர். 1942இல் வந்த 'ஊ பாத்தியு தஷ் கந்தீகஷ்' (பாடல்களின் முற்றம்) படத்தில் சோப்பு, வண்ணம், ரசாயனப் பொடி வகையறாக்கள் விற்கும் கடைக்கு முதலாளி. 1944இல் ஆர்தூர் துவார்த்தே இயக்கிய 'அ மெனீனா தா ராடியு' (ரேடியோ பெண்) படத்தில் மிட்டாய்க்கடைக்காரர். அந்தப் படத்தில் தன் பேட்டைக்கென்று தனி வானொலி நிலையம் தொடங்கப் புறப்படுகிறார். எல்லாமே சின்ன மனிதர்கள், ஆனால் தங்களைப் பெரிய மனிதர்களாக நினைப்பவர்கள். கொஞ்சம் காசு, நிறைய கௌரவம், எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும் கோபம். கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் மனிதனை வாடிக்கையாளராக வெளியிலிருந்து பார்த்து அவர் நகல் எடுக்கவில்லை. இளமையில் அந்தப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர் என்பதால், அவர்களுடைய வீம்பு எங்கே முடிகிறது, பயம் எங்கே தொடங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

'பாடல்களின் முற்றம்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூன் மாதப் புனிதர் திருவிழாக் காலத்தில், லிஸ்பனின் ஒரு முற்றத்தைச் சுற்றி வாழும் குடும்பங்களின் கதை. இயக்குநர் ரிபைரீன்யு என்று எல்லோரும் அழைக்கும் ஃபிரான்சிஷ்கு ரிபைரு. அவரே நல்ல நகைச்சுவை நடிகர். இதில் சில்வா ஏற்றது எவரிஷ்து என்ற பாத்திரம். எதிர்த் தரப்பில் எந்நேரமும் குடிபோதையில் இருக்கும் நர்சீசுவாக வாஸ்கு சந்தானா. போதையில் தெருவிளக்குக் கம்பத்தோடு சந்தானா உரையாடும் காட்சி போர்ச்சுகலில் எல்லோரும் அறிந்தது. எவரிஷ்துவைச் சீண்டும் ஒரு வரியும் அதே அளவுக்குப் பிரபலம்: "ஓ எவரிஷ்து, தென்ஷ் கா திஷ்து?" உன் கடையில் இது இருக்கிறதா என்று எதுகையோடு கேட்கும் வெறும் கிண்டல். அதைக் கேட்ட மாத்திரத்தில் மனிதர் கொதித்துவிடுவார். எண்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த வரி பேச்சுவழக்கில் இருக்கிறது. எவரிஷ்து என்று பெயர் உள்ளவர் எவரும் அதிலிருந்து தப்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

வரியைச் சொல்பவருக்குப் பெயர் கிடைப்பது இயல்பு. அந்த வரிக்கு உயிர் கொடுத்ததோ, அதைக் கேட்டு எரிகிறவருடைய முகம். சில்வா கோபப்படும்போது உடல் முதலில் விறைக்கும், கண் இரண்டு பக்கமும் ஓடும், யார் யார் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கும், அதன் பிறகுதான் சத்தம் வரும். அந்தக் கண் ஓட்டத்தில் எனக்குச் சிரிப்போடு பரிதாபமும் வந்துவிடும். வெறும் சிடுமூஞ்சியாக நடித்திருந்தால் எவரிஷ்து படத்தின் வில்லனாகிப் போயிருப்பார்.

1943இல் அவருடைய இரண்டு முகங்களையும் ஒரே ஆண்டில் பார்க்கலாம். துவார்த்தேயின் 'ஊ கோஷ்தா து கஷ்தேலு' படத்தில் சிம்ப்ளீசியு கோஷ்தாவாகக் கோட்டைப் பேட்டையில் வாழும் கலகலப்பான மனிதர். அவருக்கு ஈடு கொடுத்தவர் மரியா மாத்துஷ். மேடையில் பெரும் பேர் எடுத்த நடிகை, இருவரும் எதிரெதிரே நிற்கும்போது யாரைப் பார்ப்பது என்று தெரியாது. அதே ஆண்டு, கமீலு கஷ்தேலு பிராங்கு எழுதிய 19ஆம் நூற்றாண்டு சோக நாவலான 'அமோர் தி பெர்திசாவ்' படமானபோது, லாடம் அடிக்கும் கொல்லர் ஜுவாவ் தா குரூசாக சில்வா நடித்தார். முரட்டுத்தனமும் விசுவாசமும் கொண்ட பாத்திரம். நகைச்சுவை நடிகர் என்ற முத்திரை அவருக்கு எவ்வளவு சிறியது என்று அறிய இதைப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1947இல் வந்த 'ஊ லியாவ் தா எஷ்த்ரேலா'. அப்போது அவருக்கு 61 வயது. அனஷ்தாசியு என்ற சாதாரண லிஸ்பன்காரர், ஸ்போர்ட்டிங் கால்பந்து அணியின் வெறியர். போர்ட்டோவில் நடக்கும் ஆட்டத்தைப் பார்த்தே தீர வேண்டும், அங்கே தங்க இடம் வேண்டும். மகளின் பணக்காரத் தோழி குடும்பம் இவர்களையும் வசதியானவர்கள் என்று தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நினைப்பைக் கலைக்காமல் அவர்கள் வீட்டிலேயே போய்த் தங்கிவிடுகிறார். ஆட்டம் முடிந்தது, சரி. அடுத்து அந்தப் பணக்காரக் குடும்பம் லிஸ்பனுக்கு வருகிறேன் என்கிறதே, அப்போது என்ன செய்வது? இல்லாத அந்தஸ்தைக் காட்டப் படும் பாடுதான் மீதிப் படம்.

இதையெல்லாம் எந்தச் சூழலில் எடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. சலசாரின் சர்வாதிகார ஆட்சி, தணிக்கை, ரகசியப் போலீஸ். இந்தப் படங்களில் அரசியல் விமர்சனம் கிடையாது, வறுமை எல்லாம் அழகான வறுமை என்று பிற்கால விமர்சகர்கள் குறை சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆட்சியின் பிரசாரத் தலைவர் அந்தோனியு ஃபெர்ரூவுக்கே இந்த நகைச்சுவைப் படங்கள் பிடிக்கவில்லை. தேசிய சினிமாவைப் பிடித்த புற்றுநோய் என்றே 1947இல் சொன்னார். வீர வரலாறும் இலக்கியமும் நாட்டுப்புற மேன்மையும் திரையில் வர வேண்டும் என்பது அவர் ஆசை. கடன்காரனும் குடிகாரனும் பொய் சொல்லி ஆட்டம் பார்க்கப் போகிறவனும் தேசத்தின் முகமாக வருவதை அவரால் ஏற்க முடியவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்தது அனஷ்தாசியுவையும் எவரிஷ்துவையும்தான்.

1950களில் அந்தத் துறையே படுத்துவிட்டது. 1955இல் ஒரு போர்ச்சுகீசிய முழுநீளப் படம்கூட வரவில்லை. சந்தானா 1958இல் இறந்தார். 1963 வாக்கில் புதிய தலைமுறை இயக்குநர்கள் வந்து, பழைய ஸ்டுடியோ நகைச்சுவையை விட்டு முற்றிலும் வேறு பாதையில் போனார்கள். சில்வா எண்பது வயதுவரை திரையில் தோன்றிக்கொண்டிருந்தார், ஆனால் அவருக்கென்று எழுதப்பட்ட பெரிய வேடங்கள் அப்புறம் வரவில்லை. 1971 மார்ச் 3 அன்று லிஸ்பனில் காலமானார்.

நடிப்புக்கு வெளியே அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் மரியாதை ஏற்படுத்திய விஷயம் ஒன்று உண்டு. அவர் லிஸ்பன் அஜுடா பகுதியின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேவை செய்து, அதன் தலைவர் பொறுப்புவரை வகித்தவர். போர்ச்சுகலில் தீயணைப்புப் பணி பெருமளவுக்கு இப்படிப்பட்ட தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது. நாடெங்கும் தெரிந்த முகம், ஆனாலும் பேட்டை மனிதராகவே இருந்திருக்கிறார்.

தொலைக்காட்சி வந்த பிறகு இந்தப் படங்கள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகி, அவர் காலத்துக்குப் பின் பிறந்தவர்களுக்கும் வசனங்கள் மனப்பாடம் ஆகிவிட்டன. 2015, 16இல் மூன்று படங்களை மறுபடியும் எடுத்தார்கள். அதில் 'பாடல்களின் முற்றம்' மறு ஆக்கம் ஆறு லட்சம் பேருக்கு மேல் திரையரங்குக்கு இழுத்தது. மக்கள்தொகை சுமார் ஒரு கோடி உள்ள நாட்டில் அது மிகப் பெரிய எண்ணிக்கை. பழையதைப் பார்க்காமல் புதியதைப் பார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கே தொடங்குவது என்றால், மொழி தெரியாதவர்கள் 'ஊ லியாவ் தா எஷ்த்ரேலா'வில் தொடங்குங்கள். நிலைமையே சிரிப்பை வரவழைத்துவிடும், துணைத்தலைப்பு சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம். அடுத்து 1942இன் முற்றம். 1933 படத்தைக் கடைசியாகப் பாருங்கள். அதில் ஒலிப்பதிவு கரடுமுரடாக இருக்கும். ஆனால் மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு வந்தால் தையல்காரர் கயத்தானு பேசத் தொடங்கியதுமே அவர் குரலை அடையாளம் கண்டுவிடுவீர்கள்.