விளிம்பு விட்டுப்போன ஃபைபர் படகு: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: கனெக்டிகட்டில் இருக்கிறேன். ஒரு பழைய சன்ஃபிஷ் பாய்மரப் படகு சல்லிசாகக் கிடைத்தது. மேல்தளமும் அடிப்பாகமும் சேரும் விளிம்பு இரண்டடி நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. எபாக்சி (இரண்டு பாகம் கலக்கும் பசை) வாங்கிவிட்டேன், இன்றே ஒட்டிவிடவா?

சன்ஃபிஷ் பிறந்த மாநிலத்திலேயே வாங்கியிருக்கிறீர்கள். ஒட்டுவது இருக்கட்டும், முதலில் எடை பாருங்கள். முன்முனையைத் தராசிலும் பின்முனையைக் கட்டையிலும் வையுங்கள். அப்புறம் தாங்கும் இடம் மாறாமல் தராசையும் கட்டையையும் மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. 60 கிலோவை ஒட்டி வரவேண்டும். 80 காட்டினால் உள்ளே இருக்கும் தெர்மாகோல் கட்டைகள் நீர் குடித்திருக்கின்றன. தளத்தில் 6 அங்குல வட்டத் துளை வெட்டி, சின்ன மின்விசிறியால் உள்ளே காற்று ஓட விடுங்கள். பல வாரம் ஆகும், மாதங்களும் ஆகலாம். துளைக்கு அப்புறம் திருகுமூடி போட்டுக்கொள்ளலாம்.

துளை வழியே கையை விட்டு அந்தக் கட்டைகளை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பிளவுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். தளத்தைத் தாங்க ஆளில்லாமல், மிதிக்கும்போதெல்லாம் விளிம்பு வாங்கியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் விளிம்பை மட்டும் ஒட்டினால் அடுத்த வருடம் பக்கத்தில் பிளக்கும்.

காய்ந்த பிறகு விளிம்பு. அலுமினியப் பட்டை இருந்தால் ரிவெட்டைத் துளைத்துக் கழற்றுங்கள். பிளவில் மெல்லிய மரச் சீவலைச் செருகி, 80 நம்பர் உப்புத்தாளை மடித்து உள்ளே விட்டுத் தேயுங்கள். பளபளப்பு போய் வெளுத்த பொடி வரவேண்டும். பழைய பசை, பாசி எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். முதலில் எபாக்சியைப் பொடி கலக்காமல் நீர்க்கவே தடவி ஊறவிட்டு, மேலே சிலிக்கா பொடி கலந்து வெண்ணெய்ப் பதத்தில் அப்புங்கள். பாலித்தீன் தாள் வைத்து நாலு அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப். முழு பலத்தோடு இறுக்காதீர்கள். பசை முழுதும் வெளியே வழிந்துவிட்டால் ஒட்டுவதற்கு என்ன இருக்கும்?

கேள்வி: சென்னையில் பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவு, எளிதாகவும் கிடைக்கிறது. அதுவே போதாதா?

இந்த விளிம்புக்குப் போதாது. இறுகிப்போன பழைய ஃபைபரை எபாக்சி பிடிப்பதுபோல அது பிடிக்காது. இன்னொன்று, ஒரு துண்டு தெர்மாகோலில் ஒரு கரண்டி பாலியெஸ்டர் ரெசினை ஊற்றிப் பாருங்கள், கண்ணெதிரே கரையும். படகுக்குள் அது சொட்டினால் மிதவைக் கட்டைக்கும் அதே கதிதான். துடைக்க எடுக்கும் அசிட்டோனும் அப்படியே.

கேள்வி: நாகப்பட்டினம். எங்களுடையது மீன்பிடி ஃபைபர் படகு. அடியில் ஓரிடத்தில் தட்டினால் பொத்தென்று கேட்கிறது.

அடுக்கு விட்டுப்போயிருக்கிறது. நாணயத்தால் தட்டிக்கொண்டே போய், ‘டொக்’ என்ற கெட்டிச் சத்தம் வரும் இடம்வரை சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் தளர்ந்தது முழுவதையும் அரைத்து எடுக்கவேண்டும். ஓரம் செங்குத்தாக நிற்கக்கூடாது, ஆழத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரியவேண்டும். 4 மில்லிமீட்டர் ஆழம் என்றால் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். இவ்வளவு அகலமாகத் தேய்த்த பரப்பு கிடைப்பதால் செலவை நினைத்து பாலியெஸ்டரும் மேட்டும் (நெய்யாமல், வெட்டிய கண்ணாடி இழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பு) போட்டால் குறை சொல்லமாட்டேன். எபாக்சி என்றால் சாதா மேட் வேண்டாம், நெய்த துணியே போடுங்கள். அந்த மேட்டின் பசை, பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரின் என்ற திரவத்தில்தான் இளகும், எபாக்சியில் அது கிடையாது.

கேள்வி: ஒட்டியபின் கசிவு இல்லை என்று எப்படித் தெரியும்?

விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, திருகுமூடியை மூடிவிட்டு, நீர் வடிக்கும் சின்னத் துளை வழியே மெல்லக் காற்று கொடுங்கள். குமிழி வருமிடம் கசிவு. சைக்கிள் பம்ப் போதும், அதையும் அடக்கி அடியுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரசர் கூடவே கூடாது. ஒருமுறை அவசரத்தில் நான் அதைத்தான் வைத்தேன். ‘டப்’ என்றது, நல்லாயிருந்த மறுபக்க விளிம்பு மூன்றடிக்குப் பிளந்தது.

கேள்வி: எபாக்சி மேல் பூசிய ஜெல்கோட் (படகின் வெளிப்பளபளப்புப் பூச்சு) இரண்டு நாளாகப் பிசுபிசுக்கிறது.

எபாக்சி இறுகும்போது மேலே மெழுகுபோல ஒரு படலம் விடும். அதைக் கழுவாமல் பூசியிருப்பீர்கள். வழித்து எடுங்கள். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போட்டுக் கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் போடுங்கள். அப்புறம் ஜெல்கோட்டோடு மல்லுக்கட்டாமல் இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பெயின்டே அடித்துவிடுங்கள்.