குளிசை போல விழுங்கும் கமரா குடலில் சிக்கிக்கொள்ளுமா?

சிக்கலாம், ஆனால் எல்லாருக்கும் இல்லை. குடலில் எங்காவது சுருக்கம் இருந்தால்தான் அந்தப் பயம். குடல் புண்ணாகி வீங்கும் குரோன்ஸ் நோய் இருந்தாலோ, முன்பு வயிற்றில் ஒப்பரேஷன் செய்திருந்தாலோ, நாரி நோவுக்கு வருடக்கணக்காகக் குளிசை போட்டிருந்தாலோ டொக்டரிடம் முதலே சொல்லிவிடுங்கள். சந்தேகமென்றால் தானாகக் கரையும் வெற்றுக் கப்ஸ்யூல் ஒன்றைத் தந்து, அது வெளியே போகிறதா என்று பார்ப்பார்கள்.

நீங்கள் கேட்பதைப் பார்த்தால் கமராக் குழாய் விட்டுப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை போல. எங்கள் மாமிக்கும் அதுதான், உடம்பில் இரத்தம் குறைந்துகொண்டே வந்தது, ஏனென்று தெரியவில்லை. இரத்தம் ஏற்றினால் முகம் தெளியும், பிறகு படியேற மூச்சு வாங்கும். வாயால் விட்ட குழாயிலும் கீழால் விட்ட குழாயிலும் குறையொன்றும் தெரியவில்லை. அந்த இரண்டும் எட்டாமல் நடுவில் மீற்றர் கணக்கில் சிறுகுடல் கிடக்கிறதே, அதைப் பார்க்கத்தான் இந்தக் கமராக் கப்ஸ்யூல். புதுச் சாமானும் இல்லை, அமெரிக்காவில் 2001இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

கொழும்புக்குக் கூட்டிப்போனோம். கப்ஸ்யூல் 26 மில்லிமீற்றர் நீளம், 11 மில்லிமீற்றர் தடிப்பு. மாமி வெறும் வயிற்றோடு ஒரே மிடறில் விழுங்கிவிட்டார். இடுப்பில் பட்டி, தோளில் பதிவுப் பெட்டி. செக்கனுக்கு இரண்டு படம், எட்டு மணித்தியாலம், 50,000க்கு மேல் படங்கள் வரும். பெட்டியில் மினுங்கிய லைட்டைக் கையால் பொத்திக்கொண்டு, "தம்பி, நாங்கள் கதைக்கிறதும் இதிலை பதியுமோ?" என்று கேட்டார். அடுத்த கவலை, "வெளியாலை வந்தாப் பிறகு கழுவிக் குடுக்கோணுமோ?" தேவையில்லை, ஒருமுறைப் பாவனைதான். அது வெளியேறும் வரைக்கும் எம்ஆர்ஐ ஸ்கான் மட்டும் எடுக்கக்கூடாது.

சிறுகுடலில் ஒரு சின்ன இரத்தக்குழாய் கசிந்துகொண்டிருந்தது படத்தில் தெரிந்தது. கப்ஸ்யூல் வைத்தியம் செய்யாது, சதைத்துண்டும் எடுக்காது, கசிவைச் சுட்டு அடைக்க சிறுகுடல் வரை எட்டும் வேறு குழாய்தான் விட்டார்கள். "அப்ப முதலே அந்தக் குழாயை விட்டிருக்கலாமே" என்று ஒருவர் கீழே எழுதுவார், தெரியும். எங்கே கசிகிறதென்று தெரியாமல் எதைச் சுடுவது? நான் டொக்டரும் இல்லை, எனக்கு யாரும் கமிஷனும் தரவில்லை.

இதைக் காசு பிடுங்கும் வேலை என்று கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் சொன்னவர் மாமியின் சொந்த மகன். முருங்கையிலைச் சாறு கொடுக்கட்டாம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்து தேர், தீர்த்தம் முடியும்வரை நிற்க லீவு கிடைத்த மனுசனுக்கு, தாயோடு ஒரு இரவு ஆஸ்பத்திரியில் நிற்க லீவு இல்லையாம்.