அரபி பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலம்: சூயஸ் கால்வாய் பேரம் கைகொடுக்கும்

கேள்வி: ஓமானில் ஒரு கல்லூரியில் லாஜிஸ்டிக்ஸ் (சரக்குப் போக்குவரத்து மேலாண்மை) மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். இலக்கணப் பயிற்சியைச் சரியாகச் செய்பவர்கள்கூடப் பேசச் சொன்னால் வாய் திறப்பதில்லை. ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து நடிக்கவைத்தால் இரண்டே நிமிடத்தில் அரபிக்குப் போய்விடுகிறார்கள். சிமுலேஷன் (பாவனைச் சூழல்) முறை உதவுமா?

பதில்: நிச்சயம் உதவும், ஆனால் அது நடிப்பாக நின்றுவிடக் கூடாது. "நீ கடைக்காரர், நீ வாடிக்கையாளர்" என்று விட்டுவிட்டால், பேச வேண்டிய விஷயத்தையும் மாணவரே கற்பனை செய்ய வேண்டும், அதை ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். சிமுலேஷனில் தகவல் அவர் கையில் இருக்கும், எடுக்க வேண்டிய முடிவு கண்முன் இருக்கும். சூழல் மட்டுமே பாவனை, வேலை உண்மையானது. மொழி வகுப்பில் சிமுலேஷன் பற்றி எழுதிய கென் ஜோன்ஸ் 1980களில் வலியுறுத்தியதும் இதைத்தான்.

உங்கள் மாணவர்களுக்கு 'எவர் கிவன்' (Ever Given) என்ற சரக்குக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச் 23 அன்று, 400 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. அதற்கு அப்புறம் நடந்த பேரம்தான் வகுப்புக்குப் பொருத்தம். கால்வாய் ஆணையம் முதலில் 91.6 கோடி டாலர் இழப்பீடு கேட்டது, பிறகு 55 கோடிக்கு இறங்கி வந்தது. அதுவரை பிடித்துவைத்திருந்த கப்பலை ஜூலை 7 அன்றுதான் விட்டார்கள். ஒப்புக்கொண்ட தொகையை வெளியிடவில்லை. அதனால் விடையை இணையத்தில் தேடி எடுக்க முடியாது, பேசித்தான் ஆக வேண்டும்.

ஆணையம், கப்பல் உரிமையாளர், காப்பீட்டுத் தரப்பு, சரக்கு மாட்டிக்கொண்ட வணிகர்கள் என்று நான்கு குழு போதும். யார் யாரோடு சேர்வது என்பதை மாணவர்களிடமே விடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். அதில் மற்றக் குழுக்களுக்குத் தெரியாத ஒரு தகவல் கட்டாயம் இருக்கட்டும்: உரிமையாளர் அதிகபட்சம் எவ்வளவு தரத் தயார், எந்தச் சரக்கு கெட்டுப்போகும் நிலையில் இருக்கிறது என்பதுபோல. இவற்றை நீங்களே கற்பனையாக எழுதலாம். பேரத்துக்கு முந்தைய வகுப்பு முழுவதையும் குறிப்பைப் படிக்கவும், தேவையான சொற்களையும் வாக்கியங்களையும் பழகவும் ஒதுக்குங்கள். மாணவர்கள் அரபிக்குத் தாவுவது பெரும்பாலும் சோம்பலால் அல்ல, கையில் சொல் இல்லாததால்தான்.

அரபியை முழுக்கத் தடை செய்யாதீர்கள். குழுவுக்குள் அரபியில் திட்டமிடட்டும், எதிர்த்தரப்போடு பேசுவதும் எழுதுவதும் ஆங்கிலத்தில் மட்டும் என்று வையுங்கள்.

பேரம் நடக்கும்போது குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுங்கள். பல ஆசிரியர்கள் நேரமில்லை என்று தவிர்க்கும் பகுதி அடுத்து வரும் அலசல். உண்மையில் மொழி படிவது அங்கேதான், அதற்கு ஒரு முழு வகுப்பு கொடுங்கள். முதலில் பேரம் எப்படிப் போனது என்று அவர்களே சொல்லட்டும், பிறகு மொழிக்கு வாருங்கள். "தி ஷிப் பிக்" என்று "இஸ்" விடுபடும், "தி ஷிப் விச் வி ஓன் இட்" என்று ஒரு "இட்" கூடுதலாக வரும். அரபியில் இரண்டுமே இயல்பான அமைப்புகள். அதை விளக்கினால் மாணவர்கள் கூச்சப்படாமல் திருத்திக்கொள்வார்கள். யார் சொன்னது என்று பெயர் குறிப்பிடாமல் வாக்கியத்தை மட்டும் பலகையில் எழுதுங்கள்.

மதிப்பெண்ணை உச்சரிப்புக்கோ பேரத்தில் வென்றதற்கோ கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மாணவரும் பேரத்துக்குப் பின் தன் தரப்பு மேலதிகாரிக்கு ஒரு ஆங்கில மின்னஞ்சல் எழுதட்டும்: என்ன கேட்டோம், எதை விட்டுக்கொடுத்தோம், ஏன். அதைத் திருத்தி மதிப்பெண் போடுங்கள்.