பெரிய எண் போட்டால் எல்லையே இல்லை என்று ஆகிவிடுமா?

கேள்வி: எங்கள் அரிசி ஆலையின் லினக்ஸ் பில்லிங் சர்வரில், மொத்தம் எத்தனை ஃபைல் திறந்திருக்கலாம் என்று சொல்லும் 'ஃபைல்-மேக்ஸ்' அமைப்பில், எல்லையே வேண்டாம் என்று 18446744073709551616 என்று கொடுத்தேன். உடனே எல்லாம் நின்றுவிட்டது. ஏன்? (மன்னார்குடி வாசகர்)

பதில்: நீங்கள் கொடுத்தது 2-இன் 64-ஆம் அடுக்கு. 64 பிட்டில் கொள்ளும் மிகப் பெரிய எண் அதைவிட ஒன்று குறைவு. பழைய கரண்ட் மீட்டர் 99999-ஐத் தாண்டியதும் 00000 காட்டுமே, அதேதான் நடந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அதை 0 என்று எடுத்துக்கொண்டது. அதாவது சாதாரண புரோகிராம் எதுவும் புதிதாக ஒரு ஃபைலைத் திறக்கக் கூடாது என்று. இந்தக் குறையை 2019இல் சரிசெய்துவிட்டார்கள். உங்களுடையது அதற்கு முந்தைய கர்னலாகத்தான் இருக்க வேண்டும், அப்டேட் செய்யுங்கள்.

அப்புறம் ஒரு பழக்கம். புதிய மதிப்பை எடுத்தவுடன் சிஸ்கன்ட்ரோல் ஃபைலில் (ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அமைப்புகள் படிக்கப்படும் ஃபைல்) எழுதாதீர்கள். முதலில் கமாண்டில் போட்டு, உடனே திரும்பப் படித்துப் பாருங்கள். கொடுத்த எண்ணே வந்தால் மட்டும் ஃபைலில் சேருங்கள். தப்பாகிப் போனாலும் ரீஸ்டார்ட் செய்தால் பழைய மதிப்பு வந்துவிடும். அறுவடை நேரத்தில், நெல் லாரிகள் வாசலில் நிற்கும்போது மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: எங்களுடையது 64 பிட் மெஷின். இந்தப் பயம் தேவையா? (மயிலாடுதுறை)

பதில்: தேவை. மெஷின் 64 பிட்டானாலும் பல அமைப்புகள் இன்னும் 32 பிட் எண்தான். நெட்வொர்க்கில் வரும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடத்துக்கு உச்ச அளவு வைக்கும் 'ஆர்மெம்_மேக்ஸ்' 2147483647-க்கு மேல் போகாது.

கேள்வி: புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்துக்கு எல்லை வைக்கும் 'எஸ்எச்எம்மேக்ஸ்', 'எஸ்எச்எம்ஆல்' இரண்டிலும் ஒரே எண்ணைப் போடலாமா? (கும்பகோணம்)

பதில்: கூடாது. முதலாவது பைட் கணக்கு, இரண்டாவது பேஜ் (நினைவகத்தைப் பிரிக்கும் துண்டு) கணக்கு. ஒரு பேஜ் 4096 பைட் என்றால், 16 ஜிபிக்கு முதலாவதில் 17179869184, இரண்டாவதில் 4194304. மரக்கால் கணக்கை மூட்டைக் கணக்கில் எழுதினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும்.

கேள்வி: கர்னல் மாட்யூல் (கர்னலோடு சேர்க்கும் துணைப் புரோகிராம்) எழுதுகிறேன். தேவையான நினைவகத்துக்கு, பயனர் தரும் எண்ணிக்கையை ஒவ்வொன்றின் அளவால் பெருக்கி, எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறேன். போதுமா? (தஞ்சாவூர் மாணவி)

பதில்: போதாதம்மா. பெருக்கும்போதே எண் வழிந்து சிறிதாகிவிட்டால், உங்கள் சோதனை அதை நல்ல எண் என்று உள்ளே விட்டுவிடும். தண்ணீரை மதகிலேயே நிறுத்த வேண்டும், வயலில் அல்ல. பெருக்காமல், எல்லையை அளவால் வகுத்து, வரும் விடையோடு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். நினைவகம் கேட்க 'கேமலாக்_அரே' என்ற கர்னல் ஃபங்ஷன் இருக்கிறது. பெருக்கல் வழிந்தால் அது நினைவகம் தராது. அமைப்பைப் படிக்கும் இடத்தில், எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் 'புரோக்_டுஇன்ட்வெக்_மின்மேக்ஸ்' ஃபங்ஷனைப் போட்டுக் கீழ் எல்லை 1 என்றும், மேல் எல்லை உங்கள் தேவைக்கேற்பவும் கொடுங்கள். பிறகு 0, -1, 2147483648 மூன்றையும் எழுதிப் பாருங்கள். மூன்றையும் கர்னல் மறுக்க வேண்டும்.