பேட் இங்கிலீஷ் – கடிதம்

வணக்கம்,

‘வென் ஐ சீ யூ ஸ்மைல்’ பாடலைச் சமீபத்தில்தான் கேட்டேன். பாடிய பேட் இங்கிலீஷ் குழு இரண்டே ஆல்பங்களோடு கலைந்துவிட்டதாம். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த குழு ஏன் கலைய வேண்டும்? நிர்வாணா என்ற ராக் குழு கிளப்பிய அலை அடித்துக்கொண்டு போய்விட்டதா?

கி.

அன்புள்ள கி.,

பாவம், நிர்வாணாவை விட்டுவிடுங்கள். அந்த அலையைக் கிளப்பிய அவர்களின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் வந்தது 1991 செப்டம்பரில். அதற்கு முன்பே, தங்கள் இரண்டாவது ஆல்பமான ‘பேக்லாஷ்’ மிக்ஸிங்கில் (பதிவுசெய்த ஒலிகளைக் கலந்து சேர்க்கும் கட்டத்தில்) இருக்கும்போதே, பேட் இங்கிலீஷ்காரர்கள் பிரிந்துவிட்டார்கள்.

பாடகர் ஜான் வெயிட், கீபோர்டு ஜோனதன் கெய்ன், பேஸ் ரிக்கி ஃபிலிப்ஸ் மூவரும் பேபீஸ் என்ற பழைய ராக் குழுவினர். கெய்னும் கிடார் கலைஞர் நீல் ஷானும் ஜர்னி என்ற ராக் குழுவில் இருந்தவர்கள். டிரம்ஸ் டீன் காஸ்ட்ரொனோவோ. (குழுவின் பெயருக்கும் ஆங்கில மொழிக்கும் சம்பந்தமில்லை. பில்லியர்ட்ஸில் பந்துக்குக் கொடுக்கும் சுழற்சிக்கு அமெரிக்காவில் ‘இங்கிலீஷ்’ என்று பெயர். வெயிட் ஒரு ஷாட்டைத் தவறவிட்டபோது கெய்ன் அடித்த கிண்டல் அது.)

1989இல் வந்த முதல் சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) ‘ஃபர்கெட் மீ நாட்’ ஓரளவு கனமான ராக். அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசையில் 45ஆம் இடத்துக்கு மேலே ஏறவில்லை. அடுத்து விட்ட ‘ஸ்மைல்’ நவம்பரில் இரண்டு வாரம் முதலிடம். சிக்கலே அங்கேதான். அதை எழுதியவர் டயான் வாரன், குழுவுக்கு வெளியே இருந்தவர். ஒரு பாலட் (மெதுவான, உருக்கமான பாட்டு) ஓடிவிட்டால் ரெக்கார்டு கம்பெனியும் வானொலியும் அதே சாயலில் இன்னொன்றுதான் கேட்கும். இந்த வகைப் பாட்டில் கீபோர்டும் குரலும் தொடங்கிவைக்கும், டிரம்ஸ் பல்லவியில் வந்து இடிக்கும், கிடாருக்குக் கிடைப்பது கடைசிப் பல்லவிக்கு முன் ஒரு குட்டி சோலோ. பதின்ம வயதிலேயே கிடார் மேதை கார்லோஸ் சந்தானாவின் குழுவில் வாசித்த ஷானுக்கு அது எப்படிப் போதும்? அவருக்கும் காஸ்ட்ரொனோவோவுக்கும் இந்த பாப் வாடை ஒத்துவரவில்லை என்று ஃபிலிப்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் ஆல்பத்தில் ‘பெஸ்ட் ஆஃப் வாட் ஐ காட்’ கேட்டுவிட்டு உடனே ‘ஸ்மைல்’ போட்டுப் பாருங்கள், இரண்டு குழுக்கள் போலத் தெரியும்.

‘பேக்லாஷ்’ சிங்கிளான ‘ஸ்ட்ரெய்ட் டு யுவர் ஹார்ட்’ 42ஆம் இடத்தில் நின்றது. அதைத் தூக்கிவிட ஊர் ஊராகப் போய் வாசிக்கக் குழுவே இல்லையே! ஷானும் காஸ்ட்ரொனோவோவும் ஹார்ட்லைன் என்ற இன்னொரு ராக் குழுவுக்குப் போனார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஷானும் கெய்னும் திரும்பிவந்த ஜர்னிக்கு 1996இல் கிடைத்த பெரிய வெற்றியும் ஒரு பாலட்தான், ‘வென் யூ லவ் எ வுமன்’. ஆனால் அதை எழுதியவர்கள் குழுவுக்குள்ளேயே இருந்தவர்கள்: பாடகர் ஸ்டீவ் பெர்ரி, கெய்ன், ஷான்.