நில் இ.சி. (எதுவும் இல்லை என்று வரும் வில்லங்கச் சான்று) வந்தால் போதுமா? அடமானப் பதிவுகள் பற்றிக் கேள்வி பதில்

வங்கிகளுக்குச் சட்டக் கருத்து எழுதிக் கொடுப்பது என் தொழில். வீடு வாங்குபவர்கள், கடனை முடித்தவர்கள், கடன் கொடுக்கும் நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சர்வே எண்களையும் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

மேடம், வேளச்சேரி பக்கம் ஒரு பழைய மனை பார்த்திருக்கிறோம். சர்வே எண் போட்டு 30 வருடத்துக்கு இ.சி. எடுத்தோம், நில் என்று வந்தது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். விற்பவர் அந்த மனையை எப்போது வாங்கினார்? 30 வருடத்துக்குள் வாங்கியிருந்தால் அவருடைய கிரயப் பத்திரமாவது இ.சி.யில் வந்திருக்க வேண்டுமே! அதுவே வரவில்லை என்றால் மனை சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, நீங்கள் தேடிய விதம் தவறு. யார் நில் இ.சி.யோடு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இருக்கிறது என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்த பத்திரம் தேடலில் சிக்குகிறதா? சிக்கினால்தான் மற்றதைப் பற்றிப் பேசலாம்.

படிவம் 16இல் வரும் நில் சான்றுக்குப் பொருள் இவ்வளவுதான்: நீங்கள் கொடுத்த கிராமம், சர்வே எண், உட்பிரிவு, காலம் ஆகியவற்றுக்கு அந்தச் சார்பதிவாளர் அலுவலக அட்டவணையில் எதுவும் கிடைக்கவில்லை. உட்பிரிவில் ஒரு எழுத்து மாறினாலும் நில் வரும். 142/3 என்று இருந்தது பிற்பாடு 142/3ஏ2 ஆகியிருக்கும். நீங்கள் புதிய எண்ணை மட்டும் போட்டால் உட்பிரிவுக்கு முன்னால் தாய் எண்ணில் எழுதிய அடமானம் தெரியாமல் போகலாம். சென்னையில் இன்னொரு சிக்கலும் உண்டு. நகர அளவை நடந்த இடங்களில் பழைய சர்வே எண் போய் வார்டு, பிளாக், டி.எஸ். (நகர அளவை) எண் வந்துவிட்டது. ஒரே மனைக்கு ஒரு பத்திரத்தில் பழைய எண்ணும் அடுத்ததில் டி.எஸ். எண்ணும் இருக்கும். எனவே தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு பத்திரத்தின் சொத்து விவரத்தையும் படித்து, அதில் வரும் எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். எந்தப் பழைய எண் எந்தப் புதிய எண்ணானது என்பதை தாலுகா அலுவலக ஆவணங்களிலிருந்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அப்புறம், சார்பதிவாளர் அலுவலக எல்லைகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. புது அலுவலகத்தில் மட்டும் தேடினால் முந்தைய காலம் விட்டுப்போகலாம். பழைய பத்திரத்தில் எந்த அலுவலக முத்திரை இருக்கிறதோ அங்கேயும் தேடுங்கள். இணையத்தில் எந்த ஆண்டிலிருந்து பதிவுகள் இருக்கின்றன என்பதும் அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபடும், அதற்கு முந்தைய காலத்துக்கு அலுவலகத்திலேயே மனு கொடுக்க வேண்டும்.

அண்ணா நகரில் ஃபிளாட். சர்வே எண் போட்டால் பக்கம் பக்கமாக வருகிறது. எதைப் படிப்பது?

எல்லா ஃபிளாட்டுகளும் ஒரே சர்வே எண்ணில்தானே நிற்கின்றன, அப்படித்தான் வரும். உங்கள் ஃபிளாட் எண்ணும் பிரிபடாத பாகத்தின் (மனை நிலத்தில் உங்கள் பங்கு) சதுர அடியும் வரும் பதிவுகளைத் தனியே எடுங்கள். அதைவிட முக்கியம், முழு மனைக்கும் பில்டர் எழுதிக் கொடுத்த அடமானம் இருக்கிறதா என்பது. இருந்தால், உங்கள் ஃபிளாட்டை விடுவித்து அந்த வங்கி கொடுத்த கடிதம் வேண்டும். பில்டர் கம்பெனியாக இருந்தால் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் அதன் சார்ஜ் பட்டியலையும், அதாவது கடனுக்காகக் கம்பெனி சொத்தின் மீது பதிந்த உரிமைகளின் பட்டியலையும், பாருங்கள்.

இ.சி. சரியாக இருக்கிறது. ஆனால் விற்பவர் ஒரிஜினல் பத்திரத்தைக் காட்டாமல் ஜெராக்ஸ் மட்டும் காட்டுகிறார். தம்பி, அதெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்கிறார்.

எங்கே பத்திரமாக இருக்கிறது என்று கேளுங்கள். வங்கி லாக்கரிலா, வங்கியின் கடன் பிரிவிலா?

பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்குவது சென்னைக்கு மிகப் பழைய வழக்கம். சொத்து மாற்றச் சட்டத்தின் 58(எஃப்) பிரிவு கல்கத்தா, பம்பாயுடன் மெட்ராஸையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்த அடமானத்துக்குப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. நாம் எம்.ஓ.டி. என்று சொல்லும் ஒப்படைப்பு ஆவணத்தைப் பதிவது தமிழ்நாட்டில் கட்டாயமானது 2012ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் வாங்கிய கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இ.சி.யில் ஒரு வரிகூட இல்லாமல் இருக்கலாம்.

ஆகவே செர்சாய் பதிவேட்டிலும் தேடுங்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அடமானத்தைப் பதியும் மத்தியப் பதிவேடு இது, 2011 முதல் இயங்குகிறது. கட்டணம் செலுத்தி யாரும் தேடலாம். சொத்தை வைத்தும் தேடுங்கள், கடன் வாங்கியவர் பெயரை வைத்தும் தேடுங்கள். பெயரில்தான் நம்மூர் இனிஷியல் நம்மைப் படுத்தும்: ஆர். சண்முகம், சண்முகம் ஆர்., சண்முகம் ராமசாமி மூன்றும் ஒரே ஆள். இதில் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு ‘எச்’ கூடும், குறையும். எல்லா வடிவத்திலும் தேடிப் பாருங்கள். இவ்வளவு பார்த்த பிறகும் ஒரிஜினல் கைக்கு வராமல் கிரயம் எழுதச் சொல்ல மாட்டேன்.

வணக்கம் மேடம். தாம்பரத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் செர்சாய் பதிவு என் பொறுப்பில் இருக்கிறது. எங்கே தவறு நடக்கும்?

கடன் விண்ணப்பத்தைப் பார்த்து டைப் செய்வதில்தான். விண்ணப்பத்தில் வாடிக்கையாளர் கூப்பிடும் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதியிருப்பார். நீங்கள் பெயரை பான் அட்டையிலிருந்தும் சொத்தை கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்திலிருந்தும் எடுங்கள். பழைய சர்வே எண், டி.எஸ். எண் இரண்டையும் போடுங்கள். பதிந்த மறுநாள், வெளியாள் ஒருவர் தேடுவதுபோல நீங்களே தேடிப் பாருங்கள். உங்கள் பதிவு உங்களுக்கே கிடைக்கவில்லை என்றால் வேறு யாருக்குக் கிடைக்கும்?

அலட்சியமாக விட முடியாத வேலை இது. கடன் திரும்பாதபோது வங்கியே சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 26டி பிரிவு 2020 ஜனவரி 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. செர்சாயில் பதியாத அடமானத்தை வைத்து அந்தச் சட்டத்தின்படி சொத்தைக் கைப்பற்ற முடியாது. மற்ற பாக்கிகளுக்கு முன் தன் கடனை வசூலிக்க 26இ தரும் முன்னுரிமையும் பதிந்தவர்களுக்குத்தான். எம்.ஓ.டி.யிலேயே சர்வே எண் தவறாகப் போயிருந்தால், செர்சாயில் மட்டும் திருத்தினால் தீராது. இரு தரப்பும் கையெழுத்திட்டு பிழைத்திருத்தல் ஆவணம் பதிய வேண்டும்.

வீட்டுக்கடனை முடித்துப் பத்திரங்களையும் வாங்கிவிட்டேன். இ.சி.யில் எம்.ஓ.டி. இன்னும் அப்படியே இருக்கிறதே?

அந்த வரி என்றைக்கும் அழியாது, பயப்படாதீர்கள். அதற்குக் கீழே கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகியிருக்க வேண்டும், அதுதான் விடுதலை. வங்கி கொடுக்கும் நோ டியூ கடிதம் இ.சி.யில் ஏறாது. ரசீது பதிந்த பிறகு செர்சாயிலும் நீக்கிவிட்டார்களா என்று பாருங்கள், இரண்டும் வேறு வேறு பதிவேடு. கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தந்து பதிவான சார்ஜையும் நீக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் போட்ட உத்தரவு. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. வங்கிக்கு எழுதும்போது இந்த உத்தரவைக் குறிப்பிட்டே எழுதுங்கள், வேலை வேகமாக நடக்கும்.

அம்பத்தூரில் சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி. மெஷின் மீது கடன். சார்ஜ் பதிவு வங்கியின் வேலைதானே?

இல்லை, முதல் பொறுப்பு கம்பெனிக்கு. சார்ஜ் உருவான 30 நாளுக்குள் சி.எச்.ஜி.-1 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். தாண்டினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னொரு 30 நாள், அதன் பிறகு இன்னும் அதிகக் கட்டணத்தில் 60 நாள். கடன் முடிந்ததும், சார்ஜ் தீர்ந்ததைத் தெரிவிக்கும் சி.எச்.ஜி.-4 போடுவதைத்தான் பலர் மறக்கிறார்கள். சில வருடம் கழித்து வேறு வங்கியில் கடன் கேட்கப் போகும்போது பழைய சார்ஜ் முன்னால் வந்து நிற்கும்.

பட்டாவில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. கடன் இல்லை என்பதற்கு அது போதாதா?

போதாது. அடமானத்தைக் காட்டுவது பட்டாவின் வேலை இல்லை.

பழைய கார் வாங்குகிறேன். லோன் முடிந்துவிட்டது என்று ஓனர் சொல்கிறார்.

ஆர்.சி.யில் ஹைப்பாத்திகேஷன் (வண்டி மீது கடன் இருப்பதைக் காட்டும் குறிப்பு) இருந்தால் லோன் முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கியின் என்.ஓ.சி.யும் அதை நீக்கக் கேட்கும் படிவம் 35ம் கொடுத்து ஆர்.டி.ஓ.வில் அவரே நீக்கட்டும். பரிவாகன் தளத்தில் அது போய்விட்டதைப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.