நகச்சுற்று என்று நினைத்த விரல்

கேள்வி: டொக்டர், தோட்டம் செய்கிற அப்பாவுக்கு 63 வயது. வலக்கை நடுவிரல் நுனி வீங்கிச் சிவந்தது. நகச்சுற்று என்று தேசிக்காயைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு மூன்று கிழமை திரிந்தார், பிறகு இரண்டு தடவை அன்டிபயொட்டிக், மாறவில்லை. எக்ஸ்றேயில் நுனி எலும்பு அரித்துப்போயிருந்தது, பயொப்சியில் நுரையீரல் புற்றுநோய் என்று வந்துவிட்டது. விரலை எடுத்தால் சுகம் வருமா? கத்தி வைத்தால் பரவும் என்று சொந்தக்காரர் மறிக்கிறார்கள்.
(வாசகி, விசுவமடு)

பதில்: பிள்ளை, கத்தி வைத்துப் பரவுவதற்கு இனி என்ன இருக்கிறது, ஏற்கெனவே பரவித்தானே விரலுக்கு வந்திருக்கிறது. இந்த நோய் வழக்கமாகப் போவது மூளை, எலும்பு, ஈரல், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி. விரல் நுனி, கண், தலைத்தோல், பல் முரசு, சிறுகுடல் எல்லாம் அபூர்வம். எங்கே போனாலும் அது நுரையீரல் புற்றுக்கலம்தான், ஆகவே முதல் மருந்து உடம்பு முழுக்கப் போகிற மருந்து. பயொப்சித் துண்டில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு மாற்றங்கள் பார்த்தார்களா என்று கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள். முதலாவது ஆசியர்களில், அதிலும் புகைக்காதவர்களில் அதிகம். அது இருந்தால் ஜெஃபிடினிப், ஒசிமெர்டினிப் போன்ற குளிசையோடே தொடங்கலாம், ஏ.எல்.கே. என்றால் அதற்குரிய குளிசை. இரண்டும் இல்லாவிட்டால் கீமோ, கிடைத்தால் இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றோடு மோத விடும் மருந்து). இவை நோயை அடக்கி வைக்கும், வேரோடு பிடுங்காது. இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

சரி, விரல். அங்கே செய்வதெல்லாம் நோவுக்காக. 8 கிரே (கதிரை அளக்கும் அலகு) கதிர் ஒரே தடவை கொடுத்தாலே எலும்பு நோவு, பல நாள் கொடுத்த அளவுக்குக் குறையும். ஏ9 வீதியில் தினமும் பஸ்ஸில் இழுபடத் தேவையில்லை. குறைய ஓரிரு கிழமை, சிலருக்கு இன்னும் கொஞ்சம் எடுக்கும், அதுவரை மோர்பீன் தந்தால் சொன்ன அளவில் பயப்படாமல் கொடுங்கள். புண் உடைந்து சீழ் வடிந்தாலோ, கதிருக்கும் அடங்காவிட்டாலோ நுனியை எடுக்கலாம், அது அப்பா நிம்மதியாக நித்திரை கொள்வதற்கு.

அப்புறம் ஒன்று, இது வன்னி ஆட்களுக்கு. மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் யுத்தத்தில் பட்ட ஷெல் துண்டு இருக்கிறதா என்பதை அந்த அறைக்குள் போக முன்னமே சொல்லுங்கள். இரும்பென்றால் எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்தத்தில் அசையும், கண்ணுக்குள் இருந்தால் பார்வையே போகலாம். எக்ஸ்றே பார்த்துவிட்டு, தேவையென்றால் சி.ரி. எடுப்பார்கள். கிளினிக் கொப்பியில் பெரும்பாலும் இது எழுதப்பட்டிருக்காது, அப்பாவைக் கேட்டாலும் "அது 2009 பீஸ், ஒன்றும் செய்யாது" என்பார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.